வீடுதோறும் எழுந்தருளிய திருவுருவம்: ஓவியர் இரவிவர்மர் வரலாறு

திருச்சிற்றம்பலம்

திருக்குட நன்னீராட்டு விழா மலர்களில் தலத்தின் வரலாறும் மூர்த்தி, தீர்த்தங்களின் பெருமையும் பேசப்படுதலே மரபு. அம்மரபினின்றும் சற்றே விலகி, கோயில் மதிலுக்கு வெளியே, நம் இல்லங்களின் சுவர்களில் எழுந்தருளியிருக்கும் திருவுருவங்களைப் பற்றியும், அவற்றை நமக்கு வழங்கிய ஓவியர் ஒருவரின் வாழ்க்கையைப் பற்றியும் எழுத அடியேன் துணிந்தேன். அவ்வாறு துணிந்தமைக்குக் காரணம் ஒன்றுண்டு.

இத்திருப்பணிக்குப் பொருள் வேண்டி, அன்பர்கள் சிலருடன் செஞ்சி நகரின் தெருக்களில் சென்ற ஒரு மாலைப்பொழுதில், ஊர்க்கோடியில் இருந்த சிறிய வீடொன்றின் வாயிலில் நின்றோம். அவ்வீட்டு மூதாட்டியார் எங்களைத் திண்ணையில் அமரச் செய்துவிட்டு உள்ளே சென்றார். சுவரில் மாட்டியிருந்த இலக்குமி படத்தின் முன் கைகூப்பி நின்ற பிறகே முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பணத்தை எடுத்துத் தந்தார். படம் மிகப் பழையது. கண்ணாடிக்குள் அதன் ஓரங்கள் பழுத்திருந்தன. அன்னையின் சேலைக்கு உண்மையான சரிகைத் துணியை ஒட்டி, அணிகலன்களுக்குச் சிறு மணிகளும் ஜிகினாவும் பதித்து, எவரோ ஒரு பெண்மணி பல நாள் இருந்து அழகு செய்திருந்தார். அடியில் ரவிவர்மா அச்சகத்தின் பெயர் மங்கலாகத் தெரிந்தது. அது தம் பாட்டியார் காலத்துப் படம் என்றும், கொடிமரத்தைத் தாண்டத் தம் முன்னோர்க்கு உரிமையில்லாத நாளில் அப்படமே தம் வீட்டார்க்குக் கருவறையாக இருந்தது என்றும் அம்மையார் இயல்பாகச் சொன்னார். அவர் குரலில் குறை ஏதும் இல்லை. கேட்ட அடியேனுக்குத்தான் நாணம் மிகுந்தது.

நாணத்தின் காரணத்தையும் மறையாது கூறிவிடுகிறேன். திருமடத்தில் பயின்ற இளமைக் காலத்தில், ஆகம நெறிப்படி நிலைநிறுத்தப்பெறாத உருவம் வழிபாட்டுக்கு உரியதன்று என்று அடியேன் பாடங்கேட்டேன். கேட்டதை அரைகுறையாகப் பற்றிக்கொண்டு, விடுமுறையில் ஊர் திரும்பியபோது, தாயார் பூசையில் வைத்திருந்த அச்சுப் படங்களைக் கடைப்படங்கள் என்று இகழ்ந்தேன். தாயார் மறுமொழி சொல்லவில்லை. அன்றைக்கும் அப்படங்களுக்குப் பூச்சூட்டியே விளக்கேற்றினார். அரை நூற்றாண்டுக்கு மேல் கடந்து, பிறிதொரு தாயின் வீட்டில் அந்தப் பிழை அடியேனுக்கு விளங்கிற்று. இக்கட்டுரை அதற்கு ஒரு கழுவாயாகுக.

நம் நாடும் ஓவியமும்

இறைவன் திருவுருவை வண்ணத்தில் தீட்டி வழிபடுதல் நம் பகுதிக்குப் புதிதன்று. செஞ்சியிலிருந்து விழுப்புரம் செல்லும் வழியில் உள்ள மண்டகப்பட்டில், செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இன்றி மும்மூர்த்திகளுக்குக் குடைவரை கண்டவன் முதலாம் மகேந்திரவர்மன். அவன் பூண்ட விருதுகளுள் சித்திரகாரப்புலி என்பதும் ஒன்று. நமக்கு அணித்தான பனமலையில் இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயிலில், இறைவன் ஆடலைக் கண்டு குடைநிழலில் ஒல்கி நிற்கும் உமையம்மையின் ஓவியம் ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்குப் பின்னும் சுவரில் எஞ்சியுள்ளது. ஆயினும் அவ்வோவியம் சுவரைவிட்டு வாராது. காண விரும்புவோர் குன்றேறிச் செல்லவேண்டும். ஒரு காலத்தில் சென்றோர் அனைவர்க்கும் உள்ளே புக உரிமையும் இருந்ததில்லை. சுவரில் நின்ற தெய்வத்தை வீட்டுக்கு எழுந்தருளச் செய்தவருள் தலையாயவரே ரவிவர்மா என்று உலகம் வழங்கும் இராஜா இரவிவர்மர்.

பிறப்பும் கல்வியும்

திருவிதாங்கூர் நாட்டில், திருவனந்தபுரத்திற்கு வடக்கே உள்ள கிளிமானூர் அரண்மனையில் 1848ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் இரவிவர்மர் பிறந்தார். தந்தையார் நீலகண்ட பட்டத்திரிபாடு வடமொழிப் புலமை மிக்கவர். தாயார் உமையம்பா தம்புராட்டி கவி பாட வல்லவர். பார்வதி சுயம்வரம் என்னும் துள்ளல் பாட்டை இயற்றியவர். இறைவியின் திருமணத்தைத் தாய் சொல்லால் வரைந்தார். மகன் வண்ணத்தால் வரையப் பிறந்தார் எனலாம். தாயார் மறைந்தபின் அந்நூலை அச்சேற்றி வெளியிட்டவரும் மகனே ஆவார்.

சிறுவர் இரவிவர்மர் அரண்மனைச் சுவர்களில் கரித்துண்டால் விலங்குகளையும் மனிதரையும் எழுதி வந்தார். ஏவலர் அதைக் குறும்பென்று முறையிட, மாமனார் இராஜராஜவர்மர் ஒருவரே அதைக் கலையென்று கண்டு கொண்டார். அம்மாமனார்க்கு ஓவியம் பயிற்றியவர் மதுரையைச் சேர்ந்த அழகிரி நாயுடு. ஆகவே இரவிவர்மரின் கலைக்குத் தமிழ்நாட்டுத் தொடர்பு தொடக்கத்திலேயே உண்டு என்பது நினைவுகொள்ளத் தக்கது.

14ஆம் வயதில் மாமனார் அவரைத் திருவனந்தபுரத்திற்கு அழைத்துச் சென்று ஆயில்யம் திருநாள் மன்னரிடம் சேர்ப்பித்தார். அரண்மனையின் ஓவியராக விளங்கிய இராமசாமி நாயக்கரும் மதுரைக்காரரே. அந்நாளில் எண்ணெய் வண்ணம் தீட்டும் முறை இந்நாட்டில் மிகச் சிலரே அறிந்தது. நாயக்கர் அதை இளைஞருக்குக் கற்பிக்க உடன்படவில்லை. அவரிடம் பயின்ற ஆறுமுகம் பிள்ளை என்பவர் இரவு வேளைகளில் மறைவாக வந்து, தமக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுத்தார் என்பர். 1868இல் தியோடர் சென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் மன்னர் குடும்பத்தின் உருவங்களைத் தீட்ட வந்தார். அவரும் கற்பிக்க இசைந்தாரல்லர். தாம் தீட்டுங்கால் அருகிருந்து காண மட்டும் இசைந்தார். ஒருவர் மறுத்த கல்வியையும் மற்றொருவர் பாதி திறந்த கதவையும் கொண்டே இரவிவர்மர் தம் கலையைத் தாமே வளர்த்துக்கொண்டார். பிற்காலத்தில் தம் கலையைப் பூட்டி வைக்காமல் நாடெங்கும் பரப்ப அவர் முனைந்ததற்கு இவ்விளமைப் பட்டறிவும் ஒரு காரணமாதல் கூடும் என்று எண்ணத் தோன்றுகிறது.

1866இல் மாவேலிக்கரை அரச குடும்பத்துப் பகீரதி அம்மையாரை அவர் மணந்தார். ஓவியத்தையே வாழ்வின் தொழிலாகக் கொள்வது என்று முடிவு செய்தவுடன், 1870இல் கொல்லூர் மூகாம்பிகை அம்மன் திருக்கோயிலுக்குச் சென்று 41 நாள் நோன்பிருந்து வழிபட்டார். திரும்பும் வழியில் கோழிக்கோட்டில் ஒரு குடும்பத்தாரின் உருவத்தைத் தீட்டும் பணி அவருக்குக் கிட்டிற்று. கூலி பெற்றுத் தீட்டிய முதற்படம் அதுவே என்பர். அரச குலத்தார் கைத்தொழிலால் பொருளீட்டுவதை இழிவாகக் கருதிய அக்காலத்தில், அன்னையின் திருவருளை முன்னிட்டு அவர் அவ்வழியைத் துணிந்து மேற்கொண்டார்.

புகழ் வளர்ந்த வரலாறு

1873இல் சென்னையில் நிகழ்ந்த ஓவியக் கண்காட்சியில், கூந்தலில் மலர் சூடும் நாயர் மங்கையின் படத்திற்குக் கவர்னரின் பொற்பதக்கம் கிடைத்தது. அதே ஆண்டில் வியன்னா நகரத்துக் கண்காட்சியிலும் பரிசு வந்தது. துரியோதனன் அவையும் நளன் காடும் இனி அவர் தூரிகைக்கு உரியனவாயின. தாமரை இலையில் மடல் எழுதும் சகுந்தலையை 1876இல் சென்னைக் கண்காட்சியில் கண்ட கவர்னர் பக்கிங்காம் கோமகன் அப்படத்தைத் தாமே வாங்கிக் கொண்டார்.

பின்னர் பரோடா மன்னர் சாயாஜிராவ் அவரை அழைத்தார். அவ்வழைப்புக்கு வழி வகுத்தவர் அந்நாட்டின் திவானாக விளங்கிய சர் டி. மாதவராவ். இவர் 1828இல் நம் கும்பகோணத்தில் பிறந்தவர். திருவிதாங்கூரிலும் திவானாக இருந்தவர். இதிகாச புராணங்களினின்றும் 14 காட்சிகளைத் தீட்டித் தரவேண்டும் என்று பரோடா மன்னர் 1888இல் வேண்டினார். அப்பணி இரவிவர்மரைப் பெரியதொரு வினாவின் முன் நிறுத்தியது. சீதையும் தமயந்தியும் எந்நாட்டு உடையில் தோன்றவேண்டும்? மலையாள முண்டு உடுத்தினால் வங்கத்தார் ஏற்பரோ? வங்கச் சேலை உடுத்தினால் தமிழர் ஏற்பரோ? விடை காண்பதற்காகத் தம் இளவல் சி. இராஜராஜவர்மருடன் வடநாடெங்கும் பயணம் செய்து, ஆங்காங்குள்ள உடைகளையும் அணிகளையும் முகச் சாயல்களையும் கண்டு திரும்பினார். இறுதியில், மராட்டியப் பெண்டிரின் சேலைக் கட்டையே பெரிதும் தழுவி, எல்லா நாட்டினரும் தம்முடையது எனக் கொள்ளத்தக்க பொதுக்கோலம் ஒன்றை வகுத்துக் கொண்டார். இன்று காசிமுதல் ஈழம்வரை கலைமகளும் திருமகளும் சேலையுடுத்திய ஒரே சாயலில் நம் மனத்தில் தோன்றுவதற்கு அந்தப் பயணமும் ஒரு காரணமாகும்.

அப்படங்கள் முடிந்தபின் திருவனந்தபுரத்திலும் பம்பாயிலும் பொதுமக்கள் காண வைக்கப்பட்டன. கூட்டம் கூட்டமாக மக்கள் வந்தனர். கலை அறிந்தோர் மட்டுமா வந்தனர்? தெய்வக் காட்சி காண வருவது போலவே எளியோரும் வந்தனர். 1893இல், விவேகானந்த அடிகள் முழங்கிய அதே சிக்காகோப் பெருவிழாவில், இரவிவர்மரின் பத்துப் படங்கள் வைக்கப்பெற்று இரண்டு பதக்கங்களைப் பெற்றன. படம் வேண்டிக் கிளிமானூருக்கு வந்த கடிதங்களின் பெருக்கத்தால் அச்சிற்றூரில் அஞ்சல் நிலையம் ஒன்று திறக்கப்பெற்றது என்றும் கூறுவர்.

அச்சகம் கண்ட காலம்

இனிக் கூறப்போவதே நம் பொருளுக்கு உயிர்நிலை. ஒருவர் கையால் ஒரு படம் தீட்டி முடிக்கப் பல மாதம் ஆகும். அதை வாங்க மன்னரால் இயலும், செல்வரால் இயலும். கேட்போர் அனைவர்க்கும் படம் கொடுக்க ஓவியர் ஒருவர்க்கு இரு கைகள் போதா. இதை உணர்ந்த மாதவராவ், தேர்ந்த சில படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி வண்ண அச்சில் படியெடுத்தால் புகழும் பெருகும், நாட்டுக்குத் தொண்டுமாகும் என்று 1884இல் கடிதம் எழுதினார். பத்தாண்டுகள் கழித்து இரவிவர்மர் அதனினும் ஒருபடி மேற்சென்றார். படங்களை வெளிநாட்டுக்கு அனுப்பாமல், செருமனியிலிருந்து பொறிகளையும் தொழில் வல்லுநரையும் வரவழைத்து, 1894இல் பம்பாயில் தமக்கென்றே அச்சகம் நிறுவினார். முதலில் வெளிவந்தது சகுந்தலையின் பிறப்பைக் காட்டும் படம்.

அத்தொழிலின் முறையை அன்பர்கள் அறிதல் நன்று. எண்ணெயும் நீரும் ஒட்டா என்னும் எளிய உண்மையே அதன் அடிப்படை. பவேரிய நாட்டிலிருந்து வந்த வழுவழுப்பான சுண்ணக்கல்லின் மேல் நெய்ப்பசையுள்ள மையால் உருவம் எழுதப்படும். கல்லை நனைத்தால் எழுதாத இடம் நீரைப் பற்றும். எழுதிய இடம் நீரைத் தள்ளி, பின்னர்ப் பூசும் அச்சு மையைப் பற்றும். அதன்மேல் தாளை அழுத்தினால் உருவம் பதியும். ஒரு வண்ணத்திற்கு ஒரு கல் வேண்டும். முகத்தின் செம்மைக்கு ஒன்று, நிழலுக்கு ஒன்று, பொன்னுக்கு ஒன்று, வானத்திற்கு ஒன்று எனப் பல கற்கள் ஒரே படத்திற்குத் தேவை. ஒவ்வொரு கல்லும் மயிரிழை பிசகாமல் முன்னதன் மேல் பொருந்த வேண்டும். பிசகினால் இறைவிக்கு இதழ் இரண்டாகும். எல்லாம் பதிந்த பின் மெழுகெண்ணெய் போன்ற மெருகு பூசி, எண்ணெய் ஓவியத்தின் பளபளப்பை ஊட்டுவர். கல்லைக் கடவுளாக்கும் சிற்பியை நாம் அறிவோம். கல்லினின்றும் கடவுளின் சாயலை ஆயிரமாயிரம் தாள்களில் எழச் செய்த இத்தொழிலாளரும் ஒருவகைச் சிற்பியரே அன்றோ?

அவ்வச்சகத்திலிருந்து தாமரைமேல் நிற்கும் திருமகளும், வீணையேந்திய கலைமகளும் வெளிவந்து நாடெங்கும் பரவினர். சைவ அன்பர்கள் போற்றத்தக்கன இரண்டு உண்டு. ஒன்று, வானினின்றும் இழியும் கங்கையை ஏற்க இடுப்பில் கைவைத்து, அண்ணாந்து நோக்கி, அசையாது நிற்கும் சிவபெருமானின் கோலம். மற்றொன்று, வள்ளி தெய்வயானையருடன் மயில்மேல் எழுந்தருளிய ஆறுமுகப் பெருமானின் கோலம். செட்டிநாட்டு மாளிகைகளிலும் ஏழையர் குடிலிலும் இவை ஒருங்கே இடம் பெற்றன. வாங்கிச் சென்ற பெண்மணிகள் அச்சோடு நிறைவுறாமல், பட்டும் சரிகையும் மணியும் கொண்டு தம் கையால் அலங்கரித்தனர். கோயிலில் அர்ச்சகர் செய்யும் சாத்துப்படியை வீட்டில் தாமே செய்யும் பேறு அவர்க்குக் கிடைத்தது. செஞ்சி மூதாட்டியார் வீட்டில் அடியேன் கண்ட படம் அத்தகையதே.

இழப்பும் இறுதியும்

பொருள் வகையில் அச்சகம் அவரை வாழ்விக்கவில்லை. தொடங்கிய சில ஆண்டுகளுக்குள் பம்பாயில் கொள்ளைநோய் பரவிற்று. தொழிலாளர் ஊரைவிட்டு ஓடினர். அச்சகத்தை லோணாவளாவை அடுத்த மளவ்லி என்னும் சிற்றூருக்கு மாற்ற வேண்டியதாயிற்று. கடன் ஏறிற்று. கணக்கும் வணிகமும் அறியாத ஓவியரும் அவர் இளவலும் அதைத் தாங்கவியலாமல், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தம்மிடம் பணிபுரிந்த பிரிட்ஸ் சுலைக்கர் என்னும் செருமானியர்க்கே விற்றுவிட்டனர். அவர் கையில் அது செழித்தது. தீப்பெட்டி ஒட்டுச்சீட்டு, துணிக்கட்டின் முத்திரைத் தாள், அஞ்சலட்டை, நாட்காட்டி என எங்கும் இரவிவர்மரின் தெய்வங்கள் வலம் வந்தனர். ஊதியம் மட்டும் இரவிவர்மரை அடையவில்லை. மரத்தை நட்டவர் ஒருவர், கனியை விற்றவர் வேறொருவர்; எனினும் நிழல் எல்லார்க்கும் ஆயிற்று.

துணைவியார் 1891இலேயே மறைந்திருந்தார். 1904இல் ஆங்கில அரசு கெய்சர்-இ-இந்து பொற்பதக்கம் வழங்கிற்று. மறு ஆண்டின் தொடக்கத்தில், தம் நிழல்போல் உடனிருந்து வண்ணம் குழைத்தும் பின்புலம் தீட்டியும் நாட்குறிப்பு எழுதியும் வந்த இளவல் இராஜராஜவர்மர் உயிர் நீத்தார். அதன்பின் தமையனார் உள்ளத்தில் தளர்ந்தார். நீரிழிவு நோயும் நலிவுறுத்த, மைசூர் மன்னர் வேண்டிய படங்களை முடித்துக் கொடுத்துவிட்டுக் கிளிமானூர் திரும்பி, 1906ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், 58ஆம் வயதில், பிறந்த மண்ணிலேயே இறையடி சேர்ந்தார்.

மறுப்பும் விடையும்

அவர் கலையை மறுத்தோரும் உளர். அவருள் தலைமையானவர் ஆனந்த குமாரசாமி. ஈழத்துச் சைவப் பெருங்குடியில் வந்த முத்துக் குமாரசாமியாரின் மைந்தர். சிவபெருமானின் ஆடற்கோலத்தின் உட்பொருளை 1918இல் வெளிவந்த தம் நூலால் உலகறியச் செய்தவர். இரவிவர்மரின் தெய்வங்கள் நாடக மேடையில் நிற்கும் மானிடரை ஒப்பர்; ஐரோப்பிய முறையில் உடலைக் காட்டினரேயன்றி நம் சிற்பிகள் கண்ட தியான வடிவைக் காட்டவில்லை என்பது அவர் கருத்து. அடியேன் அவர் நூல்களைப் போற்றிப் பயின்றவன். அக்கருத்தில் உண்மை உண்டு. சோழர் காலச் செப்புத் திருமேனியின் முன் நின்ற கண்ணுக்கு, அச்சுப்படத்தின் கலைமகள் நாம் அறிந்த ஒரு வீட்டுப் பெண்ணாகவே தோன்றுவாள்.

ஆயினும் ஒன்று கேட்கலாம். செப்புத் திருமேனியின் முன் நிற்க எத்தனை பேர்க்கு அக்காலத்தில் வாய்த்தது? கருவறை விட்டு மூலவர் வாரார் என்பதனாலேயே நம் முன்னோர் உற்சவரை எழுந்தருள்வித்து வீதியுலாக் கண்டனர். நோயாளரும் முதியோரும் குழந்தையைப் பெற்ற தாயரும் வாயிலில் நின்று வணங்கட்டும் என்பது அதன் கருணை. ஆனால் உற்சவர் தேர் செல்லாத தெருக்களும் ஊர்தோறும் இருந்தன. இதை மறைப்பது சைவத்திற்கு அழகன்று. அத்தெருக்களுக்கும் அச்சுப்படம் சென்றது. அதைத் தடுக்க எந்த மதிலும் இல்லை. வாங்குவோரின் குலத்தை அது கேட்கவும் இல்லை. இரவிவர்மர் அரச குலத்தின் ஆசாரங்களில் வளர்ந்தவர். சமூகத்தைத் திருத்துவேன் என்று சொல்லி அச்சகம் தொடங்கியவரல்லர். எனினும் அவர் விடுத்த படங்கள் வடம் இல்லாத தேராக ஓடி, நாம் அனுப்பத் தவறிய இடங்களுக்கெல்லாம் சென்று சேர்ந்தன.

இங்கே திருவருளின் விளையாட்டு ஒன்றையும் காணலாம். இரவிவர்மரின் மகள்வழிப் பேர்த்தியர் இருவர் 1900இல் திருவிதாங்கூர் அரச குடும்பத்திற்கு மகவேற்கப்பெற்றனர். அவருள் சேது பார்வதி பாய் ஈன்ற மைந்தரே சித்திரைத் திருநாள் மன்னர். 1936ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள், தம் நாட்டுக் கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட ஆணை பிறப்பித்தவர் அவரே. கொள்ளுப்பாட்டனார் தெய்வத்தை வீடுகளுக்கு அனுப்பினார். கொள்ளுப்பேரனார் அவ்வீட்டினரைத் தெய்வத்திடம் அழைத்தார். 1939இல் மதுரை மீனாட்சியம்மை திருக்கோயிலின் வாயில் திறந்தது. 1947இல் சென்னை மாநிலம் முழுமைக்கும் சட்டம் வந்தது.

ஆகமம் பெரிது என்பதில் அடியேனுக்கு இன்றும் ஐயமில்லை. நிலைநிறுத்தப்பெற்ற திருமேனி வேறு, படம் வேறு. குடமுழுக்கின் மாண்பே அவ்வேறுபாட்டில் உள்ளது. ஆனால் அன்புக்கு முன் அளவுகோல் எது? திருநின்றவூர்ப் பூசலார் கல்லும் மரமும் இன்றி மனத்திலேயே கோயிலெடுத்துக் குடமுழுக்குக்கு நாள் குறித்தார். அந்நாளில் காடவர்கோன் கச்சியில் எடுத்த கற்றளிக்கும் நாள் குறித்திருந்தான். இறைவன் மன்னன் கனவில் தோன்றி, நாளை அடியவன் கோயிலுக்குச் செல்கின்றோம் என்று அறிவித்து, அவன் விழாவைத் தள்ளிவைக்கச் செய்தான். அம்மன்னனை, பனமலையில் உமையம்மையின் ஓவியத்தைத் தீட்டுவித்த இராசசிம்மன் என்றே அறிஞர் கொள்வர். மனக்கோயிலுக்கு எழுந்தருளிய பெருமான் மண்சுவரில் மாட்டிய தாளுக்கு எழுந்தருளமாட்டானோ?

வழித்தோன்றிய கலைஞர்

இரவிவர்மர் மூட்டிய விளக்கு அவருடன் அணையவில்லை. அவர் அச்சகத்தில் பணியாற்றிய தாதாசாகேப் பால்கே 1913இல் அரிச்சந்திரன் கதையைத் திரைப்படமாக்கினார். தமிழ்நாட்டில் அவ்வழியைத் தமதாக்கிக் கொண்டவருள் முதல்வர் கோவில்பட்டி சி. கொண்டையராஜு. 1898இல் பிறந்த இவர் சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, நமக்கு அண்மையிலுள்ள திருவண்ணாமலையில் இரமண முனிவரை அடுத்துத் தங்கி, பின் நாடகத் திரைகள் தீட்டிக் கோவில்பட்டியில் நிலைகொண்டார். அவரும் அவர் மாணவரும் தீட்டிய முருகனும் மீனாட்சி திருமணமும் சிவகாசி அச்சகங்களின் வழியே நாட்காட்டிகளாக வீடுதோறும் சென்றன. 1976இல் அவர் மறையும்வரை அப்பணி ஓயவில்லை.

வாழ்த்து அட்டைகளும் இதே குடும்பத்தைச் சேர்ந்தனவே. 1843இல் இலண்டனில் ஆர்சிலி என்னும் ஓவியர் வரைந்து, கல்லில் அச்சிட்டுக் கையால் வண்ணம் தீட்டிய அட்டையே முதன்முதல் அச்சான கிறித்துப் பிறப்பு வாழ்த்து என்பர். அக்கலை தமிழகம் வந்து பொங்கல் வாழ்த்தாக மலர்ந்தது. கடையில் வாங்கக் காசில்லாத எங்கள் சிறுபருவத்தில், சென்ற ஆண்டு நாட்காட்டியின் முருகனைக் கத்தரித்து அட்டையில் ஒட்டி, சுற்றிலும் கரும்பும் மஞ்சள் கொத்தும் வரைந்து, மாமனுக்கும் சிற்றப்பனுக்கும் அஞ்சலில் அனுப்புவோம். படத்தில் எஞ்சிய துண்டுகளைக் குப்பையில் போடத் தாயார் விடமாட்டார். அவற்றையும் எடுத்து ஏட்டுக்குள் வைப்பார். அவ்வொழுக்கமே எங்களுக்குக் கிடைத்த முதல் சமய பாடம்.

அன்பர்க்கு ஒரு விண்ணப்பம்

மளவ்லி அச்சகம் 1972இல் நேர்ந்த தீயில் பெரிதும் அழிந்தது. ஆகவே பழைய படங்கள் எஞ்சியிருப்பது பெரும்பாலும் வீடுகளில்தான். செஞ்சிப் பகுதியிலும் அவை இன்னும் உள. சட்டம் உடைந்தது, கண்ணாடி விரிந்தது என்று மரத்தடியிலும் கோயில் மதிலோரத்திலும் அவற்றைச் சாய்த்து வைத்துச் செல்லும் வழக்கம் பெருகிவருகிறது. பழம்பொருள் வாங்குவோர்க்குச் சில நூறு ரூபாய்க்குக் கொடுத்துவிடுவோரும் உளர். அன்பர்கள் அவ்வாறு செய்யற்க. ஈரமும் வெயிலும் படாத சுவரில் மாட்டுங்கள். படத்தின்மேல் நேராகக் குங்குமமும் சந்தனமும் அப்பாமல் கண்ணாடியின்மேல் இடுங்கள். பின்புறம் செல்லரிக்காதவாறு ஆண்டுக்கொருமுறை பாருங்கள். பாட்டியார் கைபட்ட சரிகை அதில் இருக்குமாயின், அது உங்கள் குலத்தின் கல்வெட்டு என்று கொள்ளுங்கள்.

நன்னீராட்டு நாளன்று அம்மூதாட்டியாரை இராசகோபுர வாயிலில் எதிர்கொண்டு, கொடிமரம் கடந்து, திருமுன் வரை உடன் அழைத்துச் செல்லத் திருப்பணிக் குழுவினர் இசைந்துள்ளனர். அடியேன் முன்னே வழிகாட்டிச் செல்லப்போவதில்லை. அவர் பின்னேதான் செல்வேன். நூறாண்டு வீட்டிலிருந்து தம் குடும்பத்தாரைக் காத்த அன்னையை வணங்கிவிட்டு வருகின்ற அவர்க்குக் கோயிலின் வழி நன்கு தெரியும்.

மேன்மைகொள் சைவம் ஓங்குக. செஞ்சி நகரும் திருப்பணி செய்தோரும் பொருள் ஈந்தோரும் நலம் பெறுக.

திருச்சிற்றம்பலம்